ஏட்டுச் சுரைக்காயும் எமது காரின் பற்றரியும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் இந்நாளிற் பலர். அதன் மேனியைத் துடைத்து மினுக்குவோரும் பலர். சில்லுக்குக் காற்றும் எஞ்சினுக்கு எண்ணெயும் பார்ப்போர் ஓரளவுக்கு உளர். ஆனால், பொனற்றைத் திறந்து, ஒரு மூலையிலே கறுத்த பெட்டியாய்க் குந்தியிருக்கும் பற்றரியை மாதத்துக்கு ஒருமுறையாயினும் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. அது சத்தமிடுவதில்லை, புகை விடுவதில்லை, பசிக்கிறதென்று கேட்பதுமில்லை. வீட்டிலே வாய் திறவாது உழைக்கும் ஒருவரை எவ்வாறு மறந்து விடுகின்றோமோ, அவ்வாறே அதனையும் மறந்து விடுகின்றோம். அது வேலைநிறுத்தஞ் செய்யும் நாளிலேதான் அதன் அருமை தெரிகின்றது. அந்த நாளோ பெரும்பாலும் நமக்கு வசதியான நாளாக வாய்ப்பதில்லை.

எமக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்தது ஓர் இரவு. அதனை எழுத வெட்கமாகவே இருக்கின்றது. ஆயினும், பிறருக்கு உதவும் என்ற எண்ணத்தால் எழுதுகின்றோம். நாம் ஒரு கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவர்க்கு இரசாயனம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். ஈய அமில மின்கலத்தின் சமன்பாட்டை இருபது ஆண்டுகளாக வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி வருபவர். ஒரு பக்கம் ஈயத் தகடு. மறு பக்கம் ஈயவீரொட்சைட்டுத் தகடு. நடுவே ஐதான சல்பூரிக்கமிலம். மின்னோட்டம் வெளியேற வெளியேற இரு தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படியும். அமிலம் நீர்த்துப் போகும். திரும்ப மின்னேற்றினால் யாவும் முன்னைய நிலைக்கு மீளும். இதனை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றிச் சொல்வோம் என்ற இறுமாப்பு எமக்கிருந்தது. நித்திரையில் எழுப்பித்தான் கேட்டார்கள். விடை சொல்ல எம்மால் முடியவில்லை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இந்நாட்டிலே எவரும் எளிதில் மறவார். பெற்றோல் நிலையங்களின் முன்னே வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாய் நின்றன. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதே சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னதாக, அந்த மாதத் தொடக்கத்திலே, இரண்டு பகலும் ஓர் இரவும் வரிசையிற் காத்திருந்து எமது சிறிய யப்பானியக் காருக்குக் கிடைத்த அளவு பெற்றோலை நிரப்பிக்கொண்டோம்.

அவ்வாறு காத்திருந்தமைக்குக் காரணம் ஒன்றே. எமது அன்னையார் எழுபது வயதைக் கடந்தவர். நெடுநாளைய தொய்வு நோயாளர். சோளகம் வீசத் தொடங்கினாற் புழுதி கிளம்பும். புழுதி கிளம்பினால் அவருக்கு முட்டு வரும். நள்ளிரவில் ஓர் அவசரம் நேர்ந்தாற் காரிலே பெற்றோல் இருக்கவேண்டும். ஆகவே, காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினோம். கல்லூரிக்குச் சைக்கிள், சந்தைக்குஞ் சைக்கிள், கோயிலுக்கு நடை. ஒரு துளி பெற்றோலைத்தானும் வீணாக்கவில்லை. "ஒருக்கா ஸ்ராட் பண்ணியாவது பாருங்கோவன்" என்று எமது இல்லாள் இரண்டொரு முறை சொன்னார். "பெற்றோல் என்ன கிணத்திலையே ஊறுது?" என்று கேட்டுவிட்டு நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். மின்வெட்டு வேளைகளில் எமது மகன் காருக்குள் இருந்து கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியதும், அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதும் பின்னரே தெரியவந்தன.

யூலை மாத நடுப்பகுதியில் ஓர் இரவு. ஒன்றரை மணியிருக்கும். அன்னையாரின் அறையிலிருந்து சீழ்க்கை ஊதுவது போன்ற மூச்சுச் சத்தங் கேட்டது. வழமையாக உள்ளிழுக்கும் மருந்து உதவவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னே குனிந்தபடி அவர் மூச்சுக்குப் போராடினார். உதடு நிறம் மாறத் தொடங்கியது. அம்புலன்ஸை அழைத்தோம், அது வேறொரு நோயாளரோடு தூரத்தில் நின்றது. பரவாயில்லை, எம்மிடங் கார் இருக்கின்றது, காரிலே பெற்றோலும் இருக்கின்றது என்று அவரைத் தாங்கிச் சென்று பின்னிருக்கையில் இருத்தினோம். திறப்பைத் திருப்பினோம்.

"டிக்" என்றொரு சத்தம். மறுபடி திருப்பினோம். "டிக், டிக்." முன்னே எரிந்த சிறு விளக்குகள் மின்மினிபோல மங்கி அணைந்தன. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

தள்ளிப் பார்க்கலாம் என்றால், அது தானாகக் கியர் மாறும் வண்டி. எத்தனை பேர் கூடித் தள்ளினாலும் அதன் எஞ்சின் சுழலாது. தாங்கியிலே பெற்றோல்; பின்னிருக்கையிலே பெற்ற தாய்; எமது கையிலே பயனற்ற திறப்பு. ஈயமும் ஈயவீரொட்சைட்டும் எமக்கு நினைவுக்கு வந்தன. அவற்றால் என்ன பயன்?

நாலு வீடு தள்ளி, முன்னர் வாடகைக் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கின்றார். ஊரார் அவரை 'றைவர் அண்ணை' என்றே அழைப்பர். அவருடைய பழைய வான் டீசலின்றி இரண்டு மாதமாக முற்றத்திலே நின்றது. மகன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். சிறிது நேரத்தில் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சைக்கிள் கரியரிலே அவருடைய வானின் பற்றரி. கைப்பிடியிலே தொங்கும் பையில் இரண்டு தடித்த கம்பிகளும் ஒரு போத்தலும்.

"மாஸ்டர், கடைசியா எப்ப ஸ்ராட் பண்ணினனீங்கள்?"

"ஒண்டரை மாசம் இருக்கும் அண்ணை."

"பற்றரிக்குத் தண்ணி எப்ப பார்த்தனீங்கள்?"

எமக்கு நினைவில்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையில் விளக்கில்லாதபடியால் மகன் மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு வந்தான். "தம்பி, நெருப்பை அங்கால கொண்டு போ!" என்று அவர் அதட்டிய குரலில் நாமே ஒருகணம் நடுங்கிப் போனோம். கைவிளக்கின் வெளிச்சத்தில் மூடிகளைக் கழற்றினார். உள்ளே அமிலம் தாழ்ந்து, தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. போத்தலிலிருந்த காய்ச்சி வடித்த நீரைத் தகடுகள் மூடுமளவுக்கு வார்த்து மூடிகளைப் பூட்டினார். முனைகளிலே வெள்ளையும் நீலமுமாய்ப் பூத்திருந்த தூளைச் சுரண்டித் தள்ளினார்.

பின்னர் அவர் செய்தவற்றை இன்றும் ஒவ்வொன்றாய்ச் சொல்வோம். சிவப்புக் கம்பியால் இரண்டு பற்றரிகளின் நேர்முனைகளையும் இணைத்தார். கறுப்புக் கம்பியின் ஒரு நுனியைத் தமது பற்றரியின் மறைமுனையிற் கவ்வவிட்டார்; மறு நுனியை எமது பற்றரியிற் பூட்டாது, அதற்குத் தொலைவாக எஞ்சினின் வெறும் உலோகத்திற் கவ்வவிட்டார். கடைசி இணைப்பிலே பொறி பறக்கும். பற்றரியின் அருகே ஐதரசன் வாயு நிற்கக்கூடும். அங்கே பொறி பறந்தாற் பற்றரி வெடித்து அமிலஞ் சிதறும். இது நாம் ஏட்டில் அறிந்தது. அவர் கையால் அறிந்தது.

"அஞ்சு நிமிசம் பொறுங்கோ" என்றார். அந்த ஐந்து நிமிடத்தின் நீளத்தை அளக்க எம்மிடம் அளவுகோல் இல்லை. பின்னிருக்கையிலிருந்து வந்த ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு நின்றோம். திறப்பைத் திருப்பியபோது எஞ்சின் முனகியது; தயங்கியது; பிறகு பிடித்துக்கொண்டது. பூட்டியதற்கு எதிரான ஒழுங்கிலே கம்பிகளைக் கழற்றிய அவர், "வழியில எஞ்சினை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று சொல்லி எம்மை அனுப்பினார். அப்போது, நாம் முதன்முறை திறப்பைத் திருப்பி நாற்பது நிமிடங் கடந்திருந்தது.

வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள். ஆவியாக மருந்து கொடுத்தார்கள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று இளம் வைத்தியர் கேட்டார். "கார் ஸ்ராட் ஆகவில்லை" என்றோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தமது வேலையைத் தொடர்ந்தார். எமது மாணவனாய் இருக்கத்தக்க வயதினர். விடியும்போது அன்னையாரின் மூச்சு சீரானது. நான்காம் நாள் வீடு வந்து சேர்ந்தார்.

அன்றிரவு வைத்தியசாலை வாங்கிலே இருந்தபடி மனக்கணக்கொன்று செய்து பார்த்தோம். எமது காரின் பற்றரி 35 அம்பியர்-மணி கொள்ளளவினது. இந்நாளைய கார் நின்றுகொண்டிருக்கும்போதும் முற்றாக உறங்குவதில்லை. அதன் மணிக்கூடும், களவைத் தடுக்கும் மணியும், கதவுப் பூட்டும், எஞ்சினை ஆளும் கணினியும் ஓயாது சிறிதளவு மின்னைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லியம்பியர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி; 42 நாளைக்கு 30 அம்பியர்-மணிக்கு மேல். மகன் கேட்ட பாட்டும், வெப்ப நாட்டிலே பற்றரி தானாக இழக்கும் மின்னும் வேறு. ஆக, எஞ்சினைச் சுழற்ற ஸ்ராட்டருக்கு 100 அம்பியருக்கு மேல் வேண்டிய அந்தக் கணத்தில், பெட்டிக்குள் மிஞ்சியிருந்தது ஏறக்குறையச் சூனியமே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க பெருக்கற் கணக்கு. ஒன்றரை மாதமாக அதனைச் செய்து பார்க்க எமக்குத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று முன்னோர் சொன்னது எம்மைப் பார்த்துத்தானோ?

மறுநாள் நன்றி சொல்வதற்காக றைவர் அண்ணை வீட்டுக்குப் போனோம். வானின் பற்றரியை அவர் விறாந்தையிலே ஒரு பலகையின்மேல் வைத்திருந்தார். டீசல் இல்லையென்று தெரிந்த நாளே அதனைக் கழற்றிவிட்டாராம். மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரம் இருக்கும் இரவிலே, சிறு சார்ஜரைப் பூட்டி மின்னேற்றி வைப்பாராம். சீமெந்துத் தரையில் வைத்தாற் பற்றரி இறங்கிவிடும் என்பது பழைய சாரதிமாரின் நம்பிக்கை. இந்நாளைய பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது என்பதை நாம் அறிவோம். சொல்ல வாயெடுத்தோம், சொல்லாமலே விட்டோம். பலகையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்று. பற்றரியைப் பற்றி எமக்குத் தெரியாதவை எத்தனை!

"என்னட்டை டீசல் இல்லை, பற்றரி இருந்தது. உங்களிட்டைப் பெற்றோல் இருந்தது, பற்றரி இல்லை. ரண்டு வீடு சேர்ந்து ஒரு கார் ஓட்டியிருக்கிறம், மாஸ்டர்" என்று சொல்லி அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் எமக்குக் கண் கலங்கியது.

கலங்கியமைக்கு வேறுமொரு காரணம் உண்டு. எமது தந்தையாரிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை, பெற்றோல் அருமை, றேடியோவுக்குப் போடும் சிறு பற்றரிகளும் தடை செய்யப்பட்ட பொருள்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஊரார் செய்தி கேட்டார்கள். அந்நாளிலே எமது வீட்டில் மாலைச் செய்திக்கு றேடியோவைப் பேசவைத்ததும், சோதனைக் காலத்தில் எமது புத்தகத்துக்கு ஒரு சிறு பல்பை எரியவைத்ததும் அந்த மொறிஸ் மைனரின் பற்றரியே. ஞாயிற்றுக்கிழமை காலையிலே தந்தையார் சாக்கொன்றை விரித்து, பழைய சேட்டை அணிந்துகொண்டு அதன்முன் அமர்வார். பற்றரி அமிலம் பட்டாற் சேட்டிலே மறுநாள் ஓட்டை விழும். அதனாலேதான் பழைய சேட்டு. நாம் போத்தல் விளக்கோடு கிட்டப் போனால், "விளக்கை அங்கால வை" என்பார். முப்பது ஆண்டு கழித்து எமது மகனுக்கு மற்றொருவர் அதே சொல்லைச் சொல்லக் கேட்டோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. கொட்டும் மழை. அசையவும் இடமில்லாத வீதியிலே, பாட்டியாரையும் இரண்டு குழந்தைகளையும் சுமந்துகொண்டு எமது மொறிஸ் மைனர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத் தந்தையார் எஞ்சினை நிறுத்துவார். கூட்டம் நகர, மறுபடி ஸ்ராட் செய்வார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பற்றரி களைத்துவிடும் என்று தோன்றும்போது இறங்கி, முன்னேயுள்ள கைபிடியைச் செருகிச் சுழற்றுவார். விடியும்வரை அந்தப் பற்றரி கைவிடவில்லை. அது தற்செயலன்று என்பதை இப்பொழுதுதான் உணர்கின்றோம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்து அந்த ஓர் இரவைக் கடக்க உதவின.

அந்தக் கைபிடி இன்றைய கார்களில் இல்லை. ஈய அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டவரான பிளான்ரே ஆக்கியது 1859ஆம் ஆண்டில். ஆனால், அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிற் பொருத்தப்பட்ட பின்னரே, எஞ்சினைச் சுழற்றும் வேலை மனிதனின் தோளிலிருந்து பற்றரியின் தலையில் ஏறியது. கைபிடி திருப்பியடித்துக் கை முறிந்தோர் அக்காலத்திற் பலர். ஆதலால், அது போனதற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால், கைபிடி போனபின் பற்றரிக்கு மாற்று இல்லை என்பதை மறக்கலாகாது.

இனி, வாசகர் தம் வீட்டிற் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். இதற்கு மாதத்துக்கு ஒரு கால்மணி நேரம் போதும்.

முதலாவது, எஞ்சினை நிறுத்தி, பொனற்றைத் திறந்து கண்ணாற் பாருங்கள். பெட்டி வீங்கியிருக்கின்றதா, வெடித்திருக்கின்றதா, ஈரம் கசிகின்றதா? அவ்வாறாயின் தொடாதீர்கள், தெரிந்தவரிடங் காட்டுங்கள். பற்றரி அதன் இருக்கையில் இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆட்டம் இருந்தால், நமது குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் உள்ளேயுள்ள தகடுகளின் பசை உதிர்ந்து அதன் ஆயுள் குறையும்.

இரண்டாவது, மூடியுள்ள பற்றரியாயின் நீர் மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் எப்பொழுதும் மூழ்கியிருக்க வேண்டும். பெட்டியில் மேல்கோடு, கீழ்க்கோடு குறித்திருந்தால் இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தாற் காய்ச்சி வடித்த நீரை மாத்திரம் விடுங்கள். அமிலம் விடாதீர்கள், ஆவியாகி இழக்கப்படுவது நீரேயன்றி அமிலமன்று. கிணற்று நீர் கூடவே கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலே தோண்டியவை. அந்நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு உங்கள் பற்றரிக்குள்ளும் வேண்டுமா? கொதித்தாறிய நீரும் ஆகாது. கொதிப்பதால் கிருமி சாகுமேயன்றி உப்பு நீங்காது. நீராவியாகிப் பின் குளிர்ந்து வடிந்த நீரே உப்பற்றது. கழுத்துவரை நிரப்புவதும் தவறு. மின்னேறும்போது அமிலம் பொங்கி வழிந்து இரும்பை அரிக்கும்.

மூன்றாவது, முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் மின்னோட்டத்துக்கு அது தடை. கழற்றும்போது வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியிற் பூட்டவேண்டும். இந்நாளைய கார்களில் அது மறைமுனை. தந்தையாரின் மொறிஸ் மைனரில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. ஒழுங்கை மாற்றினால், ஸ்பனர் வண்டியின் இரும்பிற் பட்டவுடன் பெரும்பொறி பறக்கும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். இரண்டு முனைக்கும் இடையே அகப்பட்ட மோதிரம் நொடியிற் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டியை ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிற் கரைத்து, பழைய பற்தூரிகையால் முனைகளைத் தேயுங்கள். அமிலம் நுரைத்தடங்கும். அந்தக் கரைசல் மூடி வழியே உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தி, இறுகப் பூட்டி, மேலே வஸ்லீன் மெல்லிதாய்ப் பூசுங்கள்.

நான்காவது, அளந்து பாருங்கள். சிறிய பல்மானியொன்று வீட்டில் இருத்தல் நன்று. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டினால் அது நிறைந்திருக்கின்றது, 12.2 காட்டினாற் பாதி. 12க்குக் கீழே போனால் உடனே மின்னேற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிடிற் குற்றம் பற்றரியிலன்று. அதற்கு மின்னூட்டும் பகுதியிலே இருக்கலாம். இதனை அறியாது புதுப் பற்றரி வாங்கிப் பணத்தை இழந்தோர் பலர்.

ஐந்தாவது, எமக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராதிருக்க வேண்டுவது: கார் நெடுநாள் நிற்குமாயின் அதற்கேற்ற ஒழுங்கு செய்யுங்கள். வெறுமையான பற்றரியின் தகடுகளிலே ஈயசல்பேற்று நாளடைவில் இறுகிப் பளிங்காகும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் கரையாது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் எத்தனையோ வீட்டுப் பற்றரிகள் இவ்வாறே மடிந்தன. தினமும் இரண்டு நிமிடம் ஸ்ராட் செய்து நிறுத்துவதாற் பயனில்லை. ஸ்ராட்டர் எடுத்த மின்னே திரும்பச் சேராது. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எரிபொருள் இல்லையேல் மறைமுனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜரால் மின்னேற்றுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் மின்னேற்ற வேண்டும். சுருட்டோ சிகரெட்டோ கிட்ட வரலாகாது.

முற்றாக மூடப்பட்ட பற்றரிக்கு நீர் விடும் வேலையில்லை. ஏனையவை யாவும் அதற்கும் பொருந்தும். நமது வீதிகளில் இன்று மலிந்துள்ள ஹைபிரிட் கார்களில் ஓட்டத்துக்குரிய பெரிய பற்றரியோடு 12 வோல்ற்றுச் சிறு பற்றரியொன்றும் உண்டு. சில வகைகளில் அது பின்பக்கத்தே மறைந்திருக்கும். அது இறங்கினாலும் கார் விழிக்காது. பெரிய பற்றரியையும் அதன் செம்மஞ்சள் நிறக் கம்பிகளையும் வீட்டில் ஒருவருந் தொடலாகாது.

அமிலம் தோலிற் பட்டால் ஏராளமான நீரால் உடனே கழுவுங்கள். கண்ணிற் பட்டாற் கால்மணி நேரமாவது ஓடும் நீரிற் கழுவிக்கொண்டிருந்து, தாமதியாது வைத்தியரிடஞ் செல்லுங்கள். நல்ல கவனிப்பிருந்தும் ஒரு பற்றரி மூன்று முதல் ஐந்து ஆண்டுவரையே உழைக்கும். வெப்பம் அதன் பகை. பழையதை வீட்டிலே உடைக்காதீர்கள். அமிலத்தை நிலத்தில் ஊற்றாதீர்கள். நிலத்தில் ஊற்றியது நாளைக்குக் கிணற்றில் வரும். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் நஞ்சு. விற்ற கடையிலே திருப்பிக் கொடுங்கள்; அந்த ஈயம் மறுபடியும் பற்றரியாகும்.

கடந்த சில ஆண்டுகளாக எமது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமும் மகனும் பழைய சேட்டு அணிந்துகொண்டு கொட்டகைக்குப் போவோம். முன்னெல்லாம் ஆயுதபூசையன்று காருக்குச் சந்தனப் பொட்டு வைப்பதோடு எமது கடமை முடிந்துவிடும். இப்பொழுது பொட்டும் உண்டு, பல்மானியும் உண்டு. மகன் அளந்து சொல்ல, நாம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே திகதியிட்டு எழுதுவோம். வகுப்பிலே சமன்பாட்டை எழுதும் நாளில் அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் மாணவர்க்குக் காட்டுகின்றோம். அந்த இரவின் கதையையும் சொல்கின்றோம். சமன்பாட்டை மறக்கும் மாணவரும் கதையை மறப்பதில்லை.

அன்னையார் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இரவைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சென்ற மாதம் மாத்திரம், நாம் மூடியைப் பூட்டிக் கை கழுவ வந்தபோது, மெல்லக் கேட்டார்:

"தம்பி, அப்பாவின்ரை ஞாயிற்றுக்கிழமைச் சேட்டு உள்ளுக்கைதான் கிடக்குது. ஓட்டை விழுந்ததுதான். எடுத்துத் தரட்டே?"

வாங்கிக்கொண்டோம். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைத்தான் அணிகின்றோம்.